காக்காய் வராத அமாவாசை

"மொத்தம் எத்தனை அப்பளம்?"

பத்தாம் நாள் காரியம் நடக்கிற வீட்டில், துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனால் ரஞ்சனா மேடம் துக்கத்துக்கு வரவில்லை, துப்பறிய வந்திருந்தார். நான் அவருடைய அசிஸ்டென்ட் வாசு. செகந்திராபாத்தில் தையல் சாமான் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். பாதி நாள் கல்யாண விசாரணை, மீதி நாள் கொசு அடிப்பது.

வேலைக்காரி பகவதி கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டி முற்றத்தில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"நாலும்மா. பொரிச்சு சம்படத்துல மூடி வெச்சிருந்தாங்க. மறுநா காலைல நாந்தான் எடுத்துக் கொட்டினேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "பட்டினி கெடந்து சாகப் போறவ நாலு அப்பளம் எதுக்குடா பொரிக்கிறா?"

"சாவுக்கு சைடு டிஷ் வேணாமா மேடம்?"

"வாயை மூடு."

மூடினேன். அதற்குள் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர் கல்பகம், வயது அறுபத்து மூன்று, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மௌலா அலியில் தம்பி ஜெயராம் வீட்டில் இருந்தார். தம்பி மனைவி செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. தம்பி மகள் ஸ்ரேயாவை வளர்த்ததே கல்பகம்தான். சர்க்கரை வியாதி, தினம் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. மஹாளய அமாவாசையன்று ஊசி போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்கிச் சமையலறைத் தரையிலேயே உயிர் போய்விட்டது. சாயந்திரம் தம்பி வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு ஜெயராம் ஒரு காரணம் வைத்திருந்தார். அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார். ஸ்ரேயா ஆபீசில் கூட வேலை செய்யும் சாய்கிருஷ்ணா என்கிற தெலுங்குப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள், அது பொறுக்காமல் அக்கா உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டாள் என்பது அந்தக் காரணம்.

ஸ்ரேயா நேற்றுக் குகட்பள்ளி ஹாஸ்டலிலிருந்து நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அத்தை எங்கிட்ட ஓகேன்னுதான் சொன்னா மேடம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து நானே போடறேன்னா. ஆனா அப்பா சொல்றார், மனசுக்குள்ள வெச்சுண்டே செத்துட்டான்னு. பதிமூணாம் நாள் எல்லார் முன்னாடியும் அவனை வேண்டாம்னு சொல்லணுமாம். சொல்லிடுவேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அத்தையைக் கொன்னது நானா?"

அவளுக்குப் பதில் சொல்லத்தான் மேடம் அவளுடைய ஆபீஸ் மேனேஜராகவும், நான் அந்த மேனேஜரின் டிரைவராகவும் வந்திருந்தோம். எனக்கு எப்போதும் டிரைவர் வேஷம்தான்.

கொல்லையில் சத்தம் அதிகமாகவே, இருவரும் அங்கே போனோம்.

மதில் ஓரம் வாழையிலையில் பிண்டம். முருங்கை மரத்தில், கேபிள் ஒயரில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் என்று நாற்பது காக்காய்களாவது இருக்கும். ஒன்றும் இறங்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மட்டும் இருந்தன. காக்காய் எடுக்காவிட்டால் செத்தவருக்குக் குறை இருக்கிறது என்று அர்த்தம். குறை தீர்க்கிறேன் என்று யாராவது வாக்குக் கொடுத்தால்தான் இறங்கும் என்பது நம்பிக்கை. ஒரு மாமி, தான் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பட்டுப் புடவையைக்கூட ஒப்புக்கொண்டுவிட்டார். காக்காய் அசையவில்லை.

ஜெயராம் இலைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்று காலையில் மழித்த தலை. உச்சியில் இரண்டு மூன்று இடத்தில் கறுத்துப்போன காயம்.

"நாவிதன் கத்தி பட்டுடுத்து," என்றார் மேடம் பார்ப்பதைப் பார்த்து. பிறகு மரத்தை நோக்கிக் கை கூப்பினார். "அக்கா! உனக்கு என்ன குறை? ஸ்ரேயா அந்தப் பையனை விட்டுடறேன்னுட்டா. சொல்லுடி!"

"விட்டுடறேன் அத்தை," என்றாள் ஸ்ரேயா. சொல்லும்போதே உதடு கோணியது. காக்காய்கள் இன்னும் பலமாகக் கத்தின.

இருபத்து நான்கு வயசுப் பெண்ணின் வாழ்க்கையைப் பிடுங்கக் காக்காயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் டிரைவர். டிரைவர்கள் மூலையில்தான் நிற்க வேண்டும்.

சாஸ்திரிகள் கடிகாரம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம். வரலேன்னா பசுவுக்குப் போட்டுடலாம்."

பிண்டத்தை எடுக்க விடாதே என்று மேடம் ஸ்ரேயாவின் காதில் சொன்னார். பிறகு பகவதியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடி ஏறினார். நானும் ஏறினேன்.

"தினம் காக்காய்க்குச் சோறு எங்க வெப்பாங்க?"

"இதோ, இந்தக் கைப்பிடிச் சுவத்துலதாம்மா. பதினொன்றரைக்கு ஊசி. உடனே காக்காய்க்கு வெப்பாங்க. அது எடுத்தப்பறம்தான் அவங்க இலை போடுவாங்க. கா கான்னு ஒரு குரல் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல வந்துரும். அதுங்களும் பாவம், டைம் தப்பாது."

"அமாவாசை அன்னிக்கு?"

"எனக்கு அன்னிக்கு லீவும்மா. மறுநா வந்து பாத்தா, சுவத்துல மூணு உருண்டை வரிசையா இருந்துச்சு. ஒண்ணு வெறும் பருப்பும் சோறும். ஒண்ணு நெய் ஊத்தினது. இன்னொண்ணுல அப்பளம் நொறுக்கிப் போட்டிருந்துச்சு. எல்லாம் எறும்பு மொச்சுக் கெடந்துச்சு."

மேடம் கைப்பிடிச் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உண்ணாவிரதம் இல்ல வாசு. காக்காய் எடுக்கணும்னு காத்திருந்திருக்கா. வரலை. நெய் விட்டுப் பாத்திருக்கா. வரலை. அப்பளத்தை நொறுக்கிப் பாத்திருக்கா. ஊசி உள்ள வேலை செய்யுது, இவ இங்க கா கான்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறா. மத்த நாளா இருந்தா பத்து நிமிஷம் பாத்துட்டுச் சாப்பிட்டிருப்பா. மஹாளய அமாவாசை. அப்பா அம்மாவுக்கு வெச்ச சோறு. எப்படிச் சாப்பிடுவா?"

"தினம் டைம் தப்பாத காக்காய் அன்னிக்கு ஏன் வரலை?"

பகவதி தயங்கினாள். "முந்தின நாளும் வரலை சார். அன்னிக்கு இங்கே, தொட்டிக்குப் பின்னால, அம்மா கண்ணுல படாம, இந்தக் கம்பத்துல ஒரு காக்காயைச் சாகடிச்சுத் தொங்கவிட்டிருந்தாங்க. செத்த காக்காய் தொங்கினா ஒண்ணும் கிட்ட வராது. அம்மாவுக்குக் கண்ணு செருகி வேர்த்துக் கொட்டிருச்சு. நாந்தான் சக்கரைத் தண்ணி புகட்டினேன். மேல வந்து பாத்தா இது. தொடப்பக் கட்டையால அவுத்துக் குப்பைல போட்டேன். அம்மாகிட்ட சொல்லலை, மனசு கஷ்டப்படுவாங்கன்னு."

கொடி கட்டுகிற கம்பத்தின் உச்சியில் நைலான் நூல் துண்டு ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சில் ஒரு கறுப்பு இறகு. நான் தொட்டேன், விரலோடு ஒட்டிக்கொண்டது.

"பசை மேடம். ஆலம்பாலைக் காய்ச்சினது. பறவை பிடிக்கிறவங்க குச்சியில தடவி வெப்பாங்க. இதைத் தொங்கவிட்டவர் தானாப் பிடிக்கலை. பறவைக்காரங்ககிட்ட காசு கொடுத்து வாங்கியிருக்கார்."

"யாரு?"

"பக்கத்து வீட்டு அனந்தராமன் சார்!" என்றேன். "காலனி அசோசியேஷன் செக்ரட்டரி. காக்காய் எச்சம் விழுது, கார் பெயிண்ட் போகுதுன்னு கல்பகம் அம்மாவோட போன மாசம்கூடச் சண்டைன்னு கொல்லையில பேசிக்கிட்டாங்க. கொல்லையில நிக்கிறார் பாருங்க, முழியே சரியில்லை."

"உன் முழிகூடத்தான் சரியில்ல. பகவதி, இந்தப் பக்கத்துக்காரங்க காய் எங்க வாங்குவாங்க?"

"மொத்தமா வாங்கணும்னா போவன்பள்ளி மார்க்கெட்தாம்மா."

"நாளைக்குத் தசரா," என்றேன் நான். "இன்னிக்குப் பறவைக்காரங்க எல்லாம் அந்த மார்க்கெட்டுக்குப் பின்னாலதான் கடை விரிச்சிருப்பாங்க. வண்டியை எடுக்கட்டுமா?"

"டிரைவர்தானே? எடு."

போவன்பள்ளியில் தக்காளி அழுகல் வாசனையைத் தாண்டிப் பின்சுவர் ஓரம் போனால், சாக்கு போர்த்திய கூண்டுகள். ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன். தசரா அன்று பாலபிட்டவைப் பார்த்தால் வருஷம் முழுக்க வெற்றி என்பது இங்கே நம்பிக்கை. தமிழில் பனங்காடை, நீலச் சிறகுப் பறவை. காட்டுக்குப் போய்ப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் அதைப் பிடித்து, காலைக் கட்டி, பறக்காமலிருக்கச் சிறகைப் பசையால் ஒட்டி, வாசலுக்கு வாசல் கொண்டுபோய்க் காட்டுவார்கள். சாக்கை விலக்கிப் பார்த்தேன். ஒரு பறவை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. நாளைக்கு நூறு குடும்பம் அதைக் கும்பிட்டு ஜெயிக்கப் போகிறது. நாளை மறுநாள் அது செத்துப்போகும்.

மூன்றாவது கூண்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் காக்காய் என்று ஆரம்பித்ததும் கையை ஆட்டினார். "நக்கோ பாய், நக்கோ. காக்காய் வேலை இனிமே நக்கோ." மீதியை அவர் தக்கனி உருதுவில் சொல்ல, மதுரைக்காரரான மேடத்துக்கு நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு சார் வந்து ஒரு காக்காய் கேட்டாராம். பூஜைக்குன்னாராம். கழுத்தைத் திருகிக் கொடுன்னாராம். இவர் மாட்டேன்னுட்டார். பிடிக்கிறது என் பிழைப்பு, காக்காயைக் கொல்றது பாவம்னாராம். அந்த சாரே உயிரோட பையில போட்டு எடுத்துட்டுப் போனாராம்."

"எப்போ?"

"அமாவாசைக்கு முந்தின நாள் காலையில. அன்னிக்குச் சாயந்திரமே மறுபடி வந்து இன்னொண்ணு வாங்கினாராம்."

"ரெண்டா?" மேடத்தின் குரல் மாறியது.

"ஹவ், ரெண்டு," என்று ஆமோதித்தார் அவரே, விரலைக் காட்டி.

மேடம் காலையில் கொல்லையில் ரகசியமாக எடுத்த போட்டோவைக் காட்டினார். நான் அனந்தராமன் முகத்தில் விரலை வைத்தேன். கூண்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மற்ற முகங்களையும் பார்த்துவிட்டு இல்லை என்றார். என் மானம் கப்பலேறியது.

மேடம் கவலைப்படவில்லை. ஸ்ரேயாவின் வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அப்பாவும் மகளும், போன வருஷத்துத் தீபாவளி. அப்பாவுக்குத் தலை நிறைய முடி.

அந்த ஆளின் விரல் யோசிக்காமல் ஜெயராம் மேல் வந்து நின்றது. "யஹீச் சாப்!" பிறகு சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அதை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவரை ஹெல்மெட் போட்டுக்கச் சொல்லுங்கங்கறார் மேடம். கையில செத்த காக்காயோட ஒரு தடவை பாத்துட்டா, அந்த முகத்தைக் காக்காய் வருஷக்கணக்கா மறக்காதாம். கூட்டமா வந்து தலையில கொத்துமாம். அதனாலதான் இவர் முகத்துல துணி கட்டிக்கிட்டுப் பிடிக்கிறாராம், ஒரே தெருவுல ரெண்டு தடவை பிடிக்க மாட்டாராம்."

மேடம் அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தார். "மனுஷன் மொட்டை அடிச்சா இன்னொரு மனுஷனுக்கு அடையாளம் தெரியல. காக்காய்க்குத் தெரியுது. மேகம் போட்ட வானத்துல அந்தாளு எதுக்குக் குடை பிடிச்சாருன்னு இப்பப் புரியுதா?"

பிறகு ஸ்ரேயாவுக்குப் போன் செய்தார். "அத்தையோட போன் உங்கிட்டதானே இருக்கு? அமாவாசை அன்னிக்கு யாருக்குப் பேசினாங்கன்னு பாரு. பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாத." மறுமுனையில் ஸ்ரேயா சொன்னதைக் கேட்டு மேடத்தின் முகம் கல்லாகிவிட்டது. என்ன என்று கேட்டேன். வண்டியை எடு என்றார்.

நாங்கள் திரும்பியபோது மணி இரண்டு. பிண்டம் அப்படியே இருந்தது. பசியில் உறவுக்காரர்களுக்குத் துக்கம் பாதி குறைந்திருந்தது. சாஸ்திரிகள் பசுவைத் தேட ஆள் அனுப்பப் போனார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். "ஜெயராம் சார், நீங்க உள்ள போங்க. ஸ்ரேயா, நீ ஒரு உருண்டை வை."

"பொண்ணா வைக்கறது? யார் நீங்க சொல்றதுக்கு?" என்றார் ஜெயராம்.

"பசுவுக்குப் போறதுக்கு அவ வைக்கட்டுமே," என்றார் சாஸ்திரிகள். அவருக்கும் பசி. ஜெயராம் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். கதவை நான் சாத்தினேன்.

கொல்லையில் கத்தல் நின்றது. ஸ்ரேயா உருண்டையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். முருங்கையிலிருந்து ஒரு காக்காய் இறங்கித் தத்தித் தத்தி வந்தது. ஒரு வாய் எடுத்தது. அடுத்த நொடி இலை முழுக்கக் காக்காய்கள்.

"எடுத்துண்டுட்டா! கல்பகம் எடுத்துண்டுட்டா!" என்று மாமி அழுதார். "பொண்ணு அவனை விட்டுடறேன்னு சொன்னதுல மனசு குளிர்ந்துட்டா!"

ஸ்ரேயா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குழந்தை மனசில் இன்னும் ஒரு கல்லை ஏற்றி வைத்தார்கள் பாவிகள்.

"வாசு, கதவைத் திற," என்றார் மேடம்.

திறந்தேன். ஜெயராம் வெளியே கால் வைத்தார். அவ்வளவுதான். நாற்பது காக்காய்களும் ஒரே கத்தலில் எழும்பின. இரண்டு நேராக அவர் மொட்டைத் தலையை நோக்கிப் பாய்ந்தன. குடை உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்குக் காலையில கத்தி பட்ட காயம் அதுக்குள்ள பொருக்குத் தட்டுமா சார்?" என்றார் மேடம். "பத்து நாளா முடிக்குள்ள மறைஞ்சு இருந்தது. கர்த்தாவா உக்காந்தீங்க, சாஸ்திரப்படி மழிச்சீங்க, வெளிய வந்திருச்சு. போவன்பள்ளியில காக்காய் வாங்கினதுக்கு ஆள் இருக்கு."

"கார் மேல எச்சம்... விரட்டத்தான் கட்டினேன்," என்றார் ஜெயராம். "அக்கா அன்னிக்கே போவாள்னு கண்டேனா? காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை."

"காக்காய் உக்காரல சார். அதான் விஷயம்." மேடம் குரலை உயர்த்தவில்லை. "முதல் காக்காய் கோபத்துல கட்டினது. சாட்சிக் கையெழுத்துப் போடறேன்னு சொன்ன அக்காவைக் கஷ்டப்படுத்தணும்னு கட்டினீங்க. ஒத்துக்கிறேன். ரெண்டாவது? பகவதி, முந்தின நாள் அம்மா மயங்கினதும் டாக்டர்கிட்ட யார் பேசினா?"

"சார்தாம்மா. ஊசி போட்டு அரைமணிக்குள்ள சாப்பிடாட்டி உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னதா சாரே எங்கிட்ட சொன்னாரு." பகவதி முந்தானையை இழுத்துச் சொருகினாள். "சொல்லிட்டு, நாளைக்கு நீ வர வேண்டாம்னாரு."

"அதுக்கப்புறம்தான் ரெண்டாவது காக்காய். சாயந்திரம் வந்து நீங்களே அவுத்துட்டீங்க," என்றார் மேடம்.

ஸ்ரேயா அத்தையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள். அழுகை நின்றிருந்தது.

"பன்னெண்டு பத்து. பன்னெண்டு முப்பத்தஞ்சு. ஒண்ணு அஞ்சு. மூணு தடவை உங்களுக்குப் பேசியிருக்கா. மூணு உருண்டை, மூணு கால். என்னப்பா கேட்டா?"

ஜெயராம் தரையைப் பார்த்தார்.

"டெல் மீ. என்ன கேட்டா?"

"'காக்காய் வரலைடா, தலை சுத்தறது, சாப்பிடட்டுமா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னேள்?"

பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் வந்தது பதில். "அமாவாசையாச்சே அக்கா, இன்னும் கொஞ்சம் பாருன்னேன்."

"மூணு தடவையும்?"

தலை மட்டும் அசைந்தது. தூக்கி வளர்த்த அக்கா தம்பியிடம் அனுமதி கேட்டிருக்கிறாள், ஒரு வாய் சோறு சாப்பிட. இந்த வேலையில் கத்தியால் குத்தினவனைப் பார்த்திருக்கிறேன், விஷம் வைத்தவளைப் பார்த்திருக்கிறேன். சாஸ்திரத்தைச் சொல்லி, போனிலேயே கொன்ற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்ரேயா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே போனாள். ஒரு வாழையிலையோடு வந்தாள். வாசற்படியில் அப்பா முன்னால் அதை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சோறு போட்டாள், பருப்புப் போட்டாள், நெய் விட்டாள். ஓரத்தில் ஓர் அப்பளம் வைத்தாள்.

"காக்காய் எடுத்தாச்சுப்பா," என்றாள். "இனிமே நீங்க சாப்பிடலாம்."

ஜெயராமின் கை மடியிலேயே கிடந்தது. ஸ்ரேயா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் பாக்கறேன்," என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். எப்போதும் இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்வது வழக்கம். ஒன்றும் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்ய வாசல் பக்கம் போனேன்.